கொட்டை எடுத்த சுளை

"செட்டியாரே இல்லைன்னு ஆயிருச்சு. இன்னும் யாருக்கு ஆச்சி இந்த மரம்?"

கிணற்றில் இறைத்து நிரப்பிய குடத்தை வேலைக்காரி இருளாயி வேண்டாவெறுப்பாக இறக்கி வைத்தாள். பாதிக்கு மேல் சேறு. சித்திரை பிறந்ததிலிருந்து திருமயம் பக்கத்துக் கிணறுகள் எல்லாமே இப்படித்தான்.

உண்ணாமலை வெள்ளைச் சேலையின் முந்தானையைச் செருகிக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் கலயத்தில் ஊற்றினாள். கலயத்தின் அடியில் துளையிட்டுத் திரி செருகியிருந்தது. நீர் சொட்டுச் சொட்டாக வேரில் இறங்கியது. மேலே கீற்றுப் பந்தல். அதன் நிழலில் ஆள் உயரத்துக்கு, தடித்த இலைகளோடு ஒரு மங்குஸ்தான் மரம். பினாங்கில் தெருவுக்குத் தெரு நிற்குமாம். இந்தச் சீமையில் இது ஒன்றுதான். எட்டு வருஷமாகியும் ஒரு பூ இல்லை.

"நமக்குக் குடிக்கவே ஒரு கொடந்தான் தேறும். இதுக்கு ஊத்திட்டு எலையைத் திங்கவா?"

"என் பங்கைத்தான் ஊத்துறேன். ஒன் பங்கை நீ எடுத்துட்டுப் போ."

"நல்லா இருக்கு. நீங்க நா வறண்டு கெடப்பீங்க, நான் பாத்துக்கிட்டு இருப்பேனாக்கும்." மறுபடி வாளியை எடுத்த இருளாயி, கொல்லைக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "யாரோ வாராரு ஆச்சி. கூண்டு வண்டியை ஊருணிக்கரையிலயே நிறுத்திட்டு இங்கிட்டு நடந்து வாராரு. வண்டியில திரை வேற தொங்குது."

வந்தவன் வயிரவன். பினாங்குக் கடையில் உண்ணாமலையின் புருஷன் கண்ணப்பனுக்குக் கீழே வேலை பார்த்தவன். யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் ஊர் வந்திருக்கிறான். கண்ணப்பன் காய்ச்சலில் இறந்துபோன சேதி அவனுக்கு முன்பே தபாலில் வந்துவிட்டது.

"ஆச்சி..." என்றவன், அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் கடைசியா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நீங்க முடியாதுன்னாலும் தப்பில்லைன்னாரு."

"கேளு தம்பி."

அவன் மரத்தைப் பார்த்தான். "இது அண்ணன் வச்சதா?"

"வச்சது நான். கடைசியா வந்தப்ப ஒரு கூடைப் பழம் கொண்டாந்தாங்க. உள்ளங்கையில வச்சு அமுக்கி ஓட்டைப் பிளந்து, சுளைக்குள்ள இருந்த கொட்டையை எடுத்துட்டு, வெறுஞ்சதையா எனக்கு ஊட்டுனாங்க. அந்தக் கொட்டையைத்தான் ஈரம் காயுறதுக்குள்ள இங்க ஊனுனேன்."

"அம்புட்டுப் பிரியம் வச்சிருந்தாரு," என்றாள் இருளாயி. "அதை நெனைச்சுத்தான் இதைக் கட்டிக்கிட்டு அழுகுறாங்க."

வயிரவன் கொல்லைக் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினான். தொட்டில் கட்டாத வீட்டில், புருஷன் ஊட்டிய ஒரு சுளையை நினைத்து ஒரு மரத்தையே வளர்த்தவள். இவளிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

"நான் இன்னொரு நாளைக்கு வாரேன் ஆச்சி."

"இரு." உண்ணாமலை கலயத்தில் கடைசிச் சொட்டையும் கவிழ்த்தாள். "எங்களுக்குப் புள்ளை இல்லை தம்பி. ஆனா அவங்க கைக்குக் கொட்டை எடுத்துக் குடுத்த பழக்கம் இருந்துச்சு. ஊட்டுறப்ப தன்னை அறியாம, 'ஆ'ன்னு அவங்க வாயும் தெறந்துச்சு. அங்க ஒரு புள்ளைக்கு ஊட்டிப் பழகுன கைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

வயிரவனின் கண் ஊருணிக்கரை வண்டிப் பக்கம் போனது.

"அதோட ஆத்தா உசுரோட இருந்தா நீ அதை இம்புட்டுத் தூரம் கூட்டியாந்திருக்க மாட்டே. போ, திரைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே, அந்தப் புள்ளையை எறக்கிக் கூட்டிட்டு வா. என்னிக்காவது வந்து நின்னா, அதுக்குத் தெரிஞ்ச மரம் ஒண்ணாவது இந்த வீட்டுல இருக்கட்டும்னுதான் இத்தனை வருசமும் தண்ணி ஊத்துனேன்."