மாசாய்ப்புலி

"யாரும்மா இந்த மாசாய்ப்புலி? பேரச் சொல்லு, இன்னிக்கே ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

கனகராஜ் மேசையில் தட்டிய வேகத்தில் ஷர்மைனின் தேநீர் தளும்பியது.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை அது. கனகராஜ் அங்கே முப்பது வருட மெக்கானிக். அடுத்த மாதம் ஓய்வு. ஆளாளுக்குத் தெரிந்த வேலை நுணுக்கங்களை மற்றவர்களுக்கும் சொல்லட்டும் என்று, அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவைப் பார்க்கும் ஷர்மைன் ஓர் இணையதளம் அமைத்திருந்தாள். ஆறு மாதமாக ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. பரிசு தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ம்ஹும். இந்த மாதத்தோடு இழுத்து மூடச் சொல்லிவிட்டார் மேலாளர். அப்போதுதான் பக்கத்து ஊரான மாசாயின் பெயரை ஒட்டி, மாசாய்ப்புலி என்ற பெயரில் யாரோ ஒருவன் எழுத ஆரம்பித்தான்.

"என்ன எழுதியிருக்கான் அங்கிள்?"

"வாளி அச்சுல ஒட்டிக்கிட்டா சூட்டக் கூட்டணுமாம்! அலமாக்! கூட்டினா வாளி வராது, கஞ்சிதான் வரும். அச்சக் குளிர வைக்கிற தண்ணிக் குழாய் அடைச்சிருக்கான்னு மொதல்ல பாக்கணும் லா!"

"அத அங்கயே எழுதிட்டீங்களா?"

"விடுவனா? படம் புடிச்சுப் போட்டு மூணு பக்கம் எழுதினேன். எம் பொண்டாட்டிகிட்டகூட இவ்ளோ பேசினதில்ல."

பக்கத்தில் ஆள் வந்தாலே முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். இப்போது கோபத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. நேற்று நாலு பேர் அதைப் படித்துத் தாங்களே மெஷினைச் சரிசெய்தபோது, அவருக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்த ஆள நான் கவனிச்சுக்கறேன் அங்கிள்" என்று அனுப்பிவைத்தாள் ஷர்மைன்.

பாதிப் படி இறங்கியவருக்கு மனசு ஆறவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டத் திரும்பி வந்தார்.

ஷர்மைன் கம்பிரசர் பற்றி ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். திரையில், எழுதுபவர் பெயர்: மாசாய்ப்புலி.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. "அங்கிள்... கேள்வி கேட்டா யாரும் வாயே தொறக்கல. தப்பா எழுதினாத்தான்..."

கனகராஜ் கண்ணாடியை மாட்டித் திரையைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணாவது வரி சரியா இருக்கே! அதையும் தப்பாக்கும்மா. அப்பத்தான் கம்பிரசர் செக்‌ஷன் மணியம் வாயத் தொறப்பான்!"