உள்ளங்காலில் ஒரு புள்ளி

“பன்னிரண்டு வருடமாக யாருக்கும் விடை தெரியாத கேஸ் இது” என்று திரையில் படத்தைப் போட்டார் திருமதி ஹேல்.

லண்டனில், குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ்களுக்கான மேற்படிப்பு வகுப்பு அது. இருபது பேரில் தமிழர் இருவர்தான்: சென்னைப் பாமா, யாழ்ப்பாணத்துச் சிவமலர்.

படத்தில், இன்குபேட்டருக்குள் தொள்ளாயிரம் கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை. இடது உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி.

“ஒரு நாள் இருக்கும். மறுநாள் மறையும். திரும்ப வரும். இரத்தக் கசிவோ என்று பயந்து, புள்ளி தெரிந்த நாளெல்லாம் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துவிட்டது.”

பாமா பக்கத்தில் குனிந்தாள். “அக்கா, இது திருஷ்டிப் பொட்டுதானே?”

“பேசாமல் இரும்” என்றாள் சிவமலர்.

ஆனால் பாமா கையைத் தூக்கிவிட்டாள். கண்ணூறு படாமலிருக்கத் தாய்மார் மையால் வைப்பது என்று விளக்கினாள். வகுப்பே கை தட்டியது.

“அந்தத் தாய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” என்றார் திருமதி ஹேல்.

இடைவேளைக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். சிவமலர் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாமா திரும்பி வந்தாள்.

“ஏன்க்கா என்னைத் தடுத்தீங்க? மேடம் சொன்னது சரிதானே? அந்தம்மா வாயைத் திறந்து சொல்லியிருந்தா, பாவம், அத்தனை தடவை குத்தியிருக்க மாட்டாங்கல்ல?”

“ஓம்” என்றாள் சிவமலர். “அப்ப எனக்கு இங்கிலிஷ் தெரியாது, பாமா.”