தேறாத ரிவால்வர்

"முதல் தடவையே வெடிச்சிருமாங்ணா?" என்று கேட்டான் கிட்டுசாமி.

மேசையில் ஒரு பழைய துண்டின்மேல் சேனாபதியின் ரிவால்வர் கிடந்தது. நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய மாடல். இத்தாலியில் ஒரு பட்டறையில் அதே அச்சில் புதிதாகச் செய்தது. இந்தக் காலத்துத் தோட்டா இதற்கு ஆகாது. கருமருந்து, ஈயக் குண்டு, மருந்தைப் பற்றவைக்கப் பின்னால் செருகும் செம்புத் தொப்பி, எல்லாம் தனித்தனி.

"எங்கடா வெடிக்குது? ஆறுல ரெண்டு வெடிச்சாப் பெருசு. தீபாவளிக்குப் பசங்க சுடற கேப்பே இதுக்குத் தேவலாம்" என்றார் சேனாபதி.

சமையலறையில் சந்தகை பிழிந்துகொண்டிருந்த சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் ஏன் இன்றைக்கு இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறார்?

கிட்டுசாமிக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் அவனுக்கு அண்ணன், அக்கா என்று இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். பெண்டாட்டி வசந்தாமணியையும் மகள் கயலையும் போன மாதமே ஊருக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு அனுப்பிவிட்டான். "செவ்வாக்கிழமை நானும் கெளம்பறனுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே, கிரைண்டர், ரைஸ் குக்கர், இட்லிப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் காரிலிருந்து கொண்டுவந்து அவள் சமையலறையில் வைத்தான். போகிறவன் கேட்டது ஒன்றே ஒன்று. டெக்ஸஸில் நாலு வருடம் இருந்தும் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை, இதை இரண்டு நாள் கொடுத்தால் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்றான்.

"நானும் வர்றேன். நாளைக்குச் சேர்ந்தே போலாம்."

"வேண்டாங்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? தனியாவே போய்க்கறேன்."

"தனியாப் போயி என்ன பண்ணுவ? இங்க பாரு." சேனாபதி வால்வு கம்பெனியில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். எதைக் கையில் எடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிற கை. "இந்த ஸ்பிரிங் வெறும் தகரம். ஸ்க்ரூ தானாக் கழண்டுக்கும். தொப்பி சரியா ஒக்காராது, ஒக்காந்தாலும் பொளந்து உள்ள விழுந்து சிக்கிக்கும். அப்புறம் உருளை சுத்தவே சுத்தாது."

"மருந்து நல்லா இருந்தா?"

"ஹூஸ்டன் புழுக்கத்துல மருந்தா? நமுத்துக் கெடக்குது."

"அப்பக் கடைல புதுசா ஒண்ணு வாங்கிக்கட்டுமாங்ணா? வேற கம்பெனி?"

"எல்லாம் ஒரே லட்சணந்தாண்டா. பழசப் பாத்துக் காப்பியடிச்ச சரக்கு. ரேஞ்சுல எத்தன பாத்திருக்கேன், ஒண்ணும் தேறாது."

சாந்தாமணியால் பொறுக்க முடியவில்லை. மாவுக் கையோடு வந்து நின்றாள். "ஏனுங்க, ஒரு இரும்பு. அதைய ரெண்டு நாளைக்குக் குடுக்கறதுக்கு இத்தன வியாக்கியானமா? தேஞ்சா போயிரும்?"

"நீ சும்மா இரு."

பதினாறு வருடத்தில் மூன்றாம் மனிதர் முன்னால் அவர் அவளை அப்படி அதட்டியதில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. அவர் அவளைப் பார்க்கவேயில்லை. ரிவால்வரைக் கழற்றி, குண்டு போடும் உருளையை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கிட்டுசாமி சிரித்தான். "விடுங்க்கா. நம்ம ராசிக்கு வாய்க்கறது எல்லாமே இப்படித்தான்."

"கயல்கிட்டப் பேசுனியா?" என்றார் சேனாபதி.

"ரெண்டு வாரமாச்சுங்ணா. என்னன்னு பேசறது? வேலை போனது ஊர்ல யாருக்கும் தெரியாது. லீவுல வந்திருக்கறதாத்தான் வசந்தாவே நெனச்சுட்டு இருக்கறா."

சேனாபதி கார்ட்லெஸ் போனை எடுத்தார். காலிங் கார்டைப் பார்த்து நம்பரை நிதானமாக அழுத்தினார். அங்கே விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருக்கும்.

"வசந்தாமணியா? நல்லாருக்கறம்மா. இரு, உன்ற வீட்டுக்காரன் பக்கத்துலதான் இருக்கறான்." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டுசாமியிடம் நீட்டினார். "வேலை போச்சுன்னு முதல்ல சொல்லு. மாடில போயிப் பேசு. கார்டு தீர்ந்தா இன்னொண்ணு இருக்குது."

அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சூடான பாத்திரத்தை வாங்குகிறவன் போல வாங்கிக்கொண்டு படியேறினான். அப்புறம் "கயலு..." என்று ஒரு குரல். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

சாந்தாமணி கணவன் பக்கம் திரும்பினாள். "இப்பத் திருப்தியா? செவ்வாக்கிழமை ஊருக்குப் போறவன அழ வெச்சாச்சு. அந்தக் கருமம் அத்தன மட்டம்னா, இத்தன வருஷம் என்னத்துக்குக் கட்டி அழுதீங்க?"

சேனாபதி மாடிப்படியிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஒம்பது வருஷத்துல ஒருக்காக்கூட அது வெடிக்காமப் போனதில்ல, சாந்தா. ஏர்போர்ட்ல கொண்டுபோய் விடலாமேன்னு ட்ராவல்ஸ் பிச்சுமணிகிட்ட நேத்து பிளைட் டைம் கேட்டேன்... இவன் டிக்கெட்டே எடுக்கலியாம்."