ஒட்ட வெட்டிய தலை

திரையில் அவள் இல்லை.

அணிகள் வந்தன. மைதானங்கள் வந்தன. வியர்வைத்துளிகூடத் தெரிகிற மாதிரி ஆண்கள் வந்து வரிசையாக நின்று தொடை தட்டினார்கள்.

பெண்கள் பிரிவில் ஒரு பூட்டுப் படம் மட்டும். அதன் கீழே 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

காளீஸ்வரி இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். பூட்டு லேசாக ஆடியது. திறக்கவில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கிற கேம் சென்டர். ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தப் பக்கம் அவள். நடு நாற்காலியில் காளீஸ்வரி, கையில் கன்ட்ரோலரோடு. கல்லூரிக் கபடி அணியில் அவளோடு ஆடுகிறவள். அந்தப் பக்கம் அவளுடைய அப்பா. அரசுப் பேருந்து ஓட்டுநர். டியூட்டியை மாற்றிக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

அவள் ஆட்டத்துக்கு ஒருநாளும் வராத மனுஷன்.

டவுசர் போட்டு மகள் துள்ளுவதை ஊரோடு சேர்ந்து நானும் பார்க்க வேண்டுமா என்பார். படிப்பு முடிந்ததும் கபடிக்கு முழுக்கு என்று சொல்லியும்விட்டார்.

இந்தக் கபடி கேமுக்கு முன்னோட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் இளகினார்.

அதில் ஒரு பெண் இருந்தாள். மூக்குத்தி, நீளப் பின்னல். குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள். எதிரணிக்குள் பாய்ந்தாள்.

அவளேதான்.

நிஜ ஆட்டம், நிஜ மனிதர்கள் என்று கடைசியில் எழுத்து வந்தது.

அப்பா அதை டிப்போ முழுக்கக் காட்டினார். கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், டீ கொண்டுவருகிறவர், ஒருத்தரையும் விடவில்லை. நம்ம பிள்ளை என்றாராம். வீட்டில் மட்டும் பிகுவை விடவில்லை.

"கேம் வரட்டும் பாப்பா. அதுல நீ இருந்தா இன்னும் ரெண்டு வருசம் ஆடு. இல்லேன்னா இதோட விட்டுரணும்."

அவளும் தலையாட்டினாள். இல்லாமல் எங்கே போகப்போகிறோம் என்கிற தைரியம்.

தீபாவளிக்கு வரும் என்றார்கள். பொங்கலுக்கு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னோட்டம்தான் புதிதாக வந்தது. அதிலெல்லாம் அவள் இருந்தாள். கூட்டம் சேர்க்க அவள் தேவைப்பட்டாள் போலிருக்கிறது.

இப்போது பூட்டு.

வந்ததற்கு இதையாவது ஆடிப் பார்ப்போம் என்று காளீஸ்வரி ஆண்கள் அணி ஒன்றை எடுத்தாள். முதல் ரெய்டுக்கு ஒருத்தன் வந்தான். மலை மாதிரி ஆள். தாடி. ஒட்ட வெட்டிய தலை.

குனிந்து கோட்டைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கை பின்னந்தலைக்குப் போனது. இல்லாத எதையோ பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது.

காளீஸ்வரி சிரித்தாள். "ஏண்டி, இவன் எதுக்கு மண்டையைச் சொறியிறான்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கேமுக்காக அவளைப் பெங்களூருக்குக் கூப்பிட்டு, கறுப்பு உடுப்பு மாட்டி, உடம்பெல்லாம் வெள்ளை உருண்டைகளை ஒட்டி ஆடவிட்டார்கள். அசைவை அப்படியே பிடித்துக்கொள்ளுமாம் கேமரா. பின்னல் இடைஞ்சல் என்று அதைத் தொப்பிக்குள் திணித்தார்கள். கை கேட்டால்தானே. ஒவ்வொரு ரெய்டிலும் பின்னால் போனது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள்.

பரவாயில்லை, இருக்கட்டும், அதுதான் உங்கள் அடையாளம் என்றார் கம்பெனிக்காரர். அவ்வளவு கனிவாகச் சொன்னார்.

பொய் சொல்லவில்லை. இருக்கத்தான் செய்தது.

அவன் இடப்பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டினான். திரும்பினான். குதிகாலால் பின்னோக்கி ஒரு உதை. ஆள் விழுந்தான். கோட்டுக்குத் திரும்பும்போது வலதுகாலை லேசாக இழுத்து வைத்தான்.

முட்டி பிசகிய பிறகு அவளுக்கு வந்த இழுவை அது. அதைக்கூட விட்டுவைக்கவில்லை பாவிகள்.

கூப்பிட்டு உட்காரவைத்து, சோறு போட்டு, கழுத்தை அறுத்திருக்கிறார்கள்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கை இரண்டும் முழங்காலில் இருந்தன. அவன் மறுபடி போனான். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, மேலே விழுந்தவர்களை இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டான். அப்பா பளீரென்று தன் தொடையில் தட்டினார்.

"யாரு இவன்? பய என்னமா ஆடுறான்!"

நான்தான்ப்பா.

தொண்டைவரை வந்தது. இந்தத் தாடிக்காரனைக் காட்டி எப்படிச் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? திரையில் அவள் இல்லை என்பதுதானே கணக்கு. வீட்டுக்குப் போனதும் அப்பா அந்தக் கணக்கைத்தான் எடுப்பார்.

அடுத்த ரெய்டுக்கு அவன் கோட்டருகே வந்து நின்றான். அப்பா இப்போதே கையை ஓங்கி வைத்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏய், மறைக்காதடி" என்றாள் காளீஸ்வரி.

அவள் குனிந்து தரையைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள்.

திரையில் அவனும் இழுத்தான்.

அப்பா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அவன் தலையைப் பார்த்தார்.

தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது.