தலைவரின் துவக்கு

"பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கே அஞ்சு வருஷம். எங்கடை சங்கத் தலைவருக்கு நாலு வருஷம் குடுக்கிறதிலை உங்களுக்கு என்ன நோகுது?" என்று கேட்டபடி பாலேந்திரா சோபாவின் நுனிக்கு வந்தார்.

"அமெரிக்கக் கீழ்ச்சபைக்கு ரெண்டு வருஷம்தான். அவங்கள் நாட்டை நடத்தேல்லையோ?" என்றார் எதிர்க் கதிரையில் இருந்த சுபாஸ்கரன்.

"அமெரிக்காவிலை வீட்டுக்கு வீடு துவக்கும் இருக்கு. அதையும் கொண்டுவருவமோ?"

"எங்கடை துவக்குத்தான் பதினாலு வருஷமா உங்கடை அலுமாரிக்குள்ளை கிடக்கே!"

பிரவீணன் பேனாவை மேசையில் போட்டான். வேலையால் வந்தவன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை, சட்டதிட்டங்கள் அடங்கிய யாப்பைத் திருத்துகிறோம் என்று பிளேஸ்டோவில் அவனுடைய சின்ன வரவேற்பறைக்குள் வந்து குந்தியிருந்தது. செயலாளர் பதவியை ஏன்தான் வாங்கினோமோ என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

தலைவர் பாலேந்திரா அவனுடைய மாமனார். எதிர்க்கட்சிச் சுபாஸ்கரன் அவனுடைய கூடப் பிறந்த அண்ணன். நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். அவன் போடுகிற வாக்குத்தான் முடிவு. மாமாவுக்குப் போட்டால் அண்ணன் சங்கத்தை உடைத்துக்கொண்டு போய்த் தனியாக விளையாட்டுப் போட்டி வைப்பார். அண்ணனுக்குப் போட்டால் மாமா இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டி. மைதானத்துக்கு முற்பணமும் கட்டியாகிவிட்டது.

துவக்கு என்றால் ஆளைச் சுடுகிற சாமான் அல்ல. ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைக்கச் சத்தம் மட்டும் போடுகிற வெடி. ஆனால் மைதானத்தில் அத்தனை சனமும் வாய் மூடிப் பார்த்து நிற்க, அதை வானத்தை நோக்கி உயர்த்துகிறவர் தலைவர். 'துப்பாக்கியை வைத்திருக்கவும் வெடிக்கவும் தலைவருக்கே உரிமை உண்டு' என்று யாப்பில் எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தாரோ, அன்றைக்குப் பிடித்த சனி.

"வைத்திருக்க எண்டால் போட்டி அண்டைக்குக் கையிலை வைச்சிருக்கிறது. படுக்கை அறையிலை வைச்சிருக்கிறதில்லை" என்றார் சுபாஸ்கரன்.

"உரிமை எண்டால் உரிமைதான். ஒரு நாளைக்கு மட்டும் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

உபதலைவர் கொட்வின் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அண்ணை, தலைவருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எண்டால் உபதலைவர் வெடிக்க ஏலுமோ?"

"எனக்குக் காய்ச்சல் வராது."

பிரவீணனுக்குப் பொறுமை போய்விட்டது. வயது போன மனிதர்களா இவர்கள்! தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போனான்.

மனைவி அஜந்தா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், சங்க உறுப்பினர்தான். கூட்டம் என்றால் பெண்கள் குசினியில் என்பது மட்டும் எந்த யாப்பிலும் எழுதாமலே நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு விசர் பிடிக்கப் போகுது அஜந்தா. ஒருபக்கம் உன்ரை அப்பா, ஒருபக்கம் என்ரை அண்ணை."

"இஞ்சருங்கோ, உவை அடிபடுறது வருஷத்துக்கோ துவக்குக்கோ?"

அவன் யோசித்தான். "துவக்குக்குத்தான்."

"அப்ப ரெண்டையும் பிரிச்சு விடுங்கோவன்."

பிரவீணன் திரும்பி வந்து நின்றபடியே சொன்னான்: "ஒரு தீர்மானம். தலைவர் பதவியிலையிருந்து துவக்கைக் கழட்டுவம். இனி அது பதவியோடை வராது. ஆரிட்டை இருக்கிறதெண்டு பேந்து தனியாக் கதைப்பம்."

பதவி போனாலும் துவக்குப் போகாது என்று பாலேந்திரா கணக்குப் போட்டது அவர் முகத்தில் தெரிந்தது. தலைவர் பதவியை வெல்லாமலே துவக்கை வாங்கலாம் என்ற கணக்குச் சுபாஸ்கரன் முகத்தில் தெரிந்தது. எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

"நல்லது. இப்ப தலைவர் ஆர்? எத்தினை வருஷம்?"

எல்லாரும் தேத்தண்ணி வருகிறதா என்று குசினிப் பக்கம் பார்த்தார்கள்.

"எனக்கும் முழங்கால் ஏலாது தம்பி. மைதானம் பிடிக்கிறது, சாப்பாட்டுக்குச் சொல்லுறது, கவுன்சிலோடை மல்லுக்கட்டுறது... செய்தது காணும்" என்றார் பாலேந்திரா.

"எனக்கு ஷிப்ட் வேலையடா" என்றார் சுபாஸ்கரன். கொட்வின் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

பிரவீணனுக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போலிருந்தது. இந்த நாற்காலிக்கா இத்தனை நாளும் ஆளையாள் கடித்துக் குதறினார்கள்?

அஜந்தா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். "ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால் நான் இருக்கிறன். நாலு வருஷம்."

"ஓம் பிள்ளை, நீ இரு" என்றார் அப்பா.

"ஓமோம், அஜந்தாவே இருக்கட்டும்" என்றார் சுபாஸ்கரன்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை இன்றைக்குத்தான் பிரவீணன் கண்டான். சங்கம் தப்பியது, வீடும் தப்பியது. அவசர அவசரமாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினான்.

பாலேந்திரா கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சரி, இனித் துவக்குக்கு வருவம். அது இருக்கிற இடத்திலையே இருக்கட்டும்."

"அதெப்பிடி?" என்று சுபாஸ்கரன் எழும்பினார்.

"ரெண்டு பேரும் இருங்கோ" என்றாள் புதுத் தலைவர். "இந்த மாதிரி வெடித்துவக்கு வைச்சிருக்கிற ஆக்கள் கொண்டந்து ஒப்படையுங்கோ எண்டு பொலிஸ் அறிவிச்ச கிழமையே, அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். அலுமாரிக்குள்ளை இருக்கிறது வெறும் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை விசில்தான், நான் ஊதுவன்."