கௌரிக் காப்பு

"அவளுக்குக் கட்டாதேங்கோ ஐயா!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. கேதார கௌரி விரதத்தின் கடைசி நாள். காப்புக் கட்ட வரிசையில் நின்ற பெண்களின் கண்கள் முதலில் சத்தம் போட்ட பாக்கியரத்தினத்திடம் போயின. பிறகு, ஐயருக்கு முன்னால் இடது கையை நீட்டிக்கொண்டு நின்ற இராசமலரிடம் வந்தன.

இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தவள் பாக்கியரத்தினம். வயிறு விரதம் காத்ததே ஒழிய வாய் காக்கவில்லை.

"ஏனம்மா, என்ன விசயம்?" என்றார் ஐயர்.

"புருசனுக்காகப் பிடிக்கிற விரதமெல்லோ ஐயா இது? இவளின்ர புருசன் தம்பிராசா ஆவணியில சம்பூருக்கு விறகேத்தப் போன வள்ளத்தோட போனவன். வள்ளம் கவிண்டு கிடந்தது. ஆளைக் காணேல்ல. ஊரே அழுது முடிச்சிட்டுது. இவள் என்னெண்டால் பொட்டும் பூவும் சிவப்புச் சீலையுமாய் வந்து கையை நீட்டுறாள்!"

இராசமலர் நீட்டிய கையை இழுக்கவில்லை.

ஐயர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கட்டினால் ஊர் கதைக்கும். கட்டாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. காப்புக் கயிற்றை ஒரு வெற்றிலையில் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"வீட்டில ஆரும் சுமங்கலியைக் கொண்டு கட்டுவி பிள்ளை."

பாக்கியரத்தினத்துக்கு அது போதுமா? ஐப்பசித் தூறலில் குடையும் விரிக்காமல் ஓர்ஸ் ஹில் ஒழுங்கை நெடுக இராசமலருக்குப் பின்னாலேயே நடந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலிதான். இன்றைக்கு அவள் தன் வீட்டைத் தாண்டி இராசமலரின் படலையடிக்கே போய்விட்டாள்.

"தள்ளு. உன்ர மாமியாரிட்ட ரெண்டு கேள்வி கேக்கவேணும். மகனைப் பறிகுடுத்த மனுசி, நீ ஆடுற ஆட்டத்தை எப்பிடிப் பாத்துக்கொண்டு கிடக்கிறா எண்டு கேக்கிறன்."

இராசமலர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்களைக் கும்பிட்டன். மெல்லக் கதையுங்கோ. மாமிக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"இவர் போனது. கப்பலில வேலை கிடைச்சு அவசரமாக் கல்கத்தாவுக்குப் போட்டார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பாரிசவாதம் வந்த உடம்பு, ஒரு அதிர்ச்சியும் தாங்காது எண்டு பரியாரியார் சொன்னவர். பொட்டை அழிச்சுக்கொண்டு அவவுக்கு முன்னால நான் என்னெண்டு போய் நிக்கிறது? வருசா வருசம் காப்போட வாறனான். இந்தமுறை வெறுங்கையோட போனால் அவவுக்கு விளங்கிப்போடும். நான் அழுறதெண்டால் கிணத்தடியிலதான் அக்கா. தண்ணி அள்ளுற சத்தத்தில கேக்காது."

பாக்கியரத்தினத்துக்கு ஒரு கணம் நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் தொடங்கிய கதை. அதைப் பாதியில் விடுவதற்கு அவளுக்கு ஏலவில்லை.

"பொய் சொல்லிக்கொண்டு விரதமோ? அம்மாளாச்சி பொறுக்கமாட்டா. எண்டைக்கோ ஒருநாள் சொல்லத்தானே வேணும்? நான் பதமாச் சொல்லுறன்."

"வேண்டாம் அக்கா..."

அதற்குள் உள்ளேயிருந்து மாமியார் தெய்வானையின் குரல் வந்தது.

"ஆர் அது, பாக்கியமோ? உள்ளுக்கு வா. பிள்ளை, நீ போய் ஈரச் சீலையை மாத்து. தடிமன் பிடிச்சுப்போடும்."

இராசமலர் அழாக்குறையாகப் பாக்கியரத்தினத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

பாக்கியரத்தினம் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேக்கவேணும். உங்கட தம்பிராசா..."

கிழவியின் நல்ல கை நீண்டு வந்து அவள் கையைப் பிடித்தது. வாதக்காரியின் பிடி மாதிரியே இல்லை.

"மெல்லக் கதை. எனக்குத் தெரியும்."

"என்ன பெரியம்மா...?"

"வள்ளம் கவிண்ட மற்றநாளே தெரியும். பாண் வாங்கக் கியூவில நிண்டிட்டு வந்து, வேலியடியில வைச்சு உன்ர மனுசனுக்கு நீதானே சொன்னனீ. எனக்கு உடம்புதான் ஒரு பக்கம் விழுந்துபோச்சு. காது விழேல்ல."

பாக்கியரத்தினம் யன்னலால் கிடுகுவேலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்த வயிறு பத்தி எரியுது பாக்கியம். என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஒருக்கால் ஓவெண்டு அழ எனக்கும் ஆசைதான். அழுதால் எனக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டு அவள் பொட்டை அழிச்சுப்போடுவாள். வாழவேண்டிய வயசு. வெள்ளைச் சீலையோட அவளை மூலைக்குள்ள இருத்திப்போட்டுத்தானே நீங்கள் விடுவியள்? நான் ஒண்டும் தெரியாதவள் மாதிரிக் கிடக்குமட்டும் அவள் இப்பிடியே இருக்கட்டும்."

பாக்கியரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால் கிழவி கையை விடவில்லை.

சீலை மாற்றிக்கொண்டு வந்த இராசமலர் வாசலில் நின்றாள். கையில் காப்பு வைத்த வெற்றிலை. சொல்லிவிட்டாளா, இல்லையா என்று இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தெய்வானை முகம் நிறையச் சிரித்தாள்.

"வா பிள்ளை, கையை நீட்டு. என்ர மகன் கப்பலால வருமட்டும் நீ ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் எண்டு, பாக்கியம் உனக்குக் காப்புக் கட்டிவிட வந்திருக்கிறா."