உடல் அகப்படாத வில்லன்

கார்டிஃப் படப்பிடிப்புக் கூடத்தின் ஒப்பனை நாற்காலியில் எம்லின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். விக்டோரியா ராணி காலத்து மாயாஜாலத் தொலைக்காட்சித் தொடரில் ஒரே பகுதிக்கு வந்த வில்லன். போன வாரம் ஆகாயக் கப்பலிலிருந்து தேம்ஸ் நதியில் விழுந்தார்; உடல் அகப்படவில்லை. உடல் அகப்படாத வில்லன் திரும்பி வருவான் என்பது இத்தொழிலில் எழுதாத சட்டம். அதை நம்பி மனிதர் மீசையைக்கூட மழிக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறார். “மறுபடி கூப்பிட்டுட்டாங்க பாத்தியா, டில்லி. வசனம் எத்தனை பக்கம்?” அவர் கன்னத்தில் நீலம் ஒற்றிக்கொண்டிருந்த ஒப்பனைக்காரி டில்லியின் பஞ்சு நிற்கிறது. “வசனம் இல்ல, செல்லம். கரையில பிணமா ஒதுங்கிக் கிடக்கணும்.” கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்குகள் எரிகின்றன. தேநீரில் ஆடை படிந்திருக்கிறது. எம்லின் கண்களை மூடிக்கொள்கிறார். “இப்படியா?” “அப்படியேதான். கண்ணுல ஈரம் மட்டும் வேணாம், நீலம் கரையுது.”